ஆயிரம் பத்தர்மார் செய்த குற்றம் என்ன?

போன இதழில், எது பிழைத்தாலும் ஒரே ஆட்களை நோக்கி விரல் நீட்டும் பழக்கத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் என் விறாந்தை மேசையில் ஒரு சிறு கட்டாகக் கிடக்கின்றன. பாராட்டு கொஞ்சம், ஏச்சு கொஞ்சம் கூட. ஆகவே இந்த முறை, வழக்கமாக நீங்கள் கேட்டு எழுதும் மூட்டுவலியும் ரியூசனும் மாப்பிள்ளையின் விசாவும் பொறுத்திருக்கட்டும்.

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய்: எங்கள் ஒழுங்கையில் மூன்று மாதத்துக்குள் இரண்டு தண்ணி மோட்டர், ஒரு சைக்கிள், ஒரு காஸ் சிலிண்டர் களவு போய்விட்டன. ஒழுங்கை முடிவில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் மலையகத்தில் இருந்து வந்தது. தகப்பன் மேசன்மாருக்கு உதவியாளாகப் போகிறவர். “உவங்கள் வந்த பிறகுதான்” என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர்களை எழுப்பச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரருக்கு மனு எழுதிச் சனசமூக நிலையத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். என் கணவரும் வைக்கப் போகிறார். என் பன்னிரண்டு வயது மகன் அந்த வீட்டுப் பெடியனோடு விளையாடுவதை நிறுத்திவிட்டான். ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. எனக்கு மனம் ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் ரீச்சர், உண்மையிலேயே அவர்கள்தான் எடுத்திருந்தால்?

பதில்: கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குவோம், அம்மா. எடுத்திருந்தால் எடுத்தவர் ஒருவர். அவருக்கு ஒரு பெயர் இருக்கும், எடுத்த மோட்டருக்கு ஒரு நம்பர் இருக்கும், அதை எங்கோ ஒரு கடையில் விற்றிருப்பார். இவ்வளவையும் தேடலாம். பொலிசில் முறைப்பாடு கொடுத்தபோது மோட்டரின் நம்பரை யாராவது கொடுத்தார்களா? மனு எழுத மினக்கெட்டவர்கள் அதற்கு மினக்கெட்டார்களா?

“உவங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் உது, உவர், உவை எல்லாம் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மற்ற இடத்துத் தமிழர் அந்த ‘உ’வைத் தொலைத்துவிட்டார்கள் என்று வகுப்பில் நான் பெருமையாகச் சொல்வதுண்டு. கிட்டவும் இல்லாத, தொலைவிலும் இல்லாத ஒன்றைக் காட்டும் சுட்டு அது. அதனால்தான் பழி சொல்ல அவ்வளவு வசதியாக இருக்கிறது போலும். உவங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார்கள், ஆனால் எங்கள் ஆட்கள் இல்லை. “உவன் எடுத்திருப்பான்” என்றால் சந்தேகம். விசாரித்து உண்டு இல்லை என்று பார்க்கலாம். “உவங்கள்தான்” என்று ஒருமை பன்மையான பிறகு எதை விசாரிப்பது? அந்த வீட்டில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால் அதுவும் அந்தச் சொல்லுக்குள்தானே நிற்கிறது.

மனதின் வேலை விளங்காததல்ல. கள்ளன் யார் என்று தெரியாத இரவில் ஒழுங்கை முழுவதும் கள்ளனாகத் தெரியும். முன்வீட்டுக்காரரின் ஊதாரி மகனாக இருக்குமோ, என் மருமகனாக இருக்குமோ என்றெல்லாம் எண்ண வேண்டி வரும். அது பெரிய வேதனை. பயத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டால் மற்ற எல்லா முகமும் சுத்தமாகிவிடும், நிம்மதியாகப் படுக்கலாம். கள்ளனும் அதே நிம்மதியோடு தன் வேலையைப் பார்ப்பான்.

நான் ஏதோ உயரத்தில் இருந்து சொல்லவில்லை. 1984இல் என் முதல் நியமனம் கிளிநொச்சிப் பக்கம். 1977 கலவரத்தோடு மலையகத் தோட்டங்களை விட்டு ஓடிவந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருநாள் வகுப்புப் படம் எடுக்கச் சேர்த்த அறுபது ரூபா மேசையில் இல்லை. வகுப்பில் முப்பத்தொரு பை. நான் முதலில் போய்த் திறந்தது உரப்பையில் தைத்த ஒரு பையை. உள்ளே இரண்டு கொப்பி, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு ரொட்டி. பிறகு வேறு பைகளையும் பார்த்தேன், ஆனால் முதலில் பார்த்தது அதைத்தான். இடைவேளைக்குப் பின் காசு வரவு இடாப்புக்குள் இருந்தது, நானே வைத்தது. மன்னிப்புக் கேட்டேனா? “சரி, எல்லாரும் இருங்கோ” என்றேன்.

அதற்குப் பிறகு, வகுப்பில் யாராவது “ரீச்சர், என்ர பென்சிலைக் காணேல்லை” என்றால் போதும், அந்தப் பிள்ளை தானாகவே எழும்பி வந்து தன் பையை என் மேசையில் திறந்து வைத்துவிட்டு நிற்கும். நான் கேட்க வேண்டியதே இல்லை. அடுத்த தவணைக்கு அது பள்ளிக்கூடம் வரவில்லை.

உங்கள் மகனை வற்புறுத்தாதீர்கள். அவர்களுடைய பந்து உங்கள் வளவுக்குள் விழுந்தால் நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். அவன் பார்க்கட்டும். கணவரிடம் நியாயம் பேச வேண்டாம், திகதி கேளுங்கள்: முதல் மோட்டர் எப்போது போனது, அந்தக் குடும்பம் எப்போது வந்தது? மனுக் கொடுக்கும் நாள் கிட்டிவிட்டதால் இதை உங்களுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

நல்லூரில் இருந்து ஒரு மருமகள்: வீட்டில் பிரிட்ஜ் பழுதானாலும், மாமாவுக்குப் பிறஷர் ஏறினாலும், நான் வந்த ராசி என்கிறார்கள்.

பதில்: மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று உங்களுக்கு முன்னரே ஒரு மருமகள் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். தன் ஆள் பிழை விட்டால் அன்றைக்கு நேரம் சரியில்லை. பிற ஆள் விட்டால் அது பிறவிக் குணம். மாமா குளிசையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று ஒருக்கால் பாருங்கள்.

உயர்தர வகுப்பு மாணவி, பருத்தித்துறை: பலிக்கடா தேடுவதால் ஒன்றும் தீராது என்று எழுதினீர்கள். ஆனால் சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் கோபத்துக்குப் பின் பாண்டிய நாட்டில் மழையில்லை, வறுமை, நோய். வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுக்கிறான். மழை பெய்து நோய் தீர்கிறது. அப்படியென்றால் தீர்ந்ததுதானே?

பதில்: கெட்டிக்காரி. இந்தக் கேள்வியை நான் படிப்பித்த இருபது சொச்ச வருடத்தில் நானே எனக்குக் கேட்டதில்லை. ‘ஈரைஞ்ஞூற்றுவர்’ என்றால் இரண்டு ஐந்நூறு, ஆக ஆயிரம் என்று கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். ஒருமுறை, சமாதான காலத்தில், கஸ்தூரியார் வீதியில் நகைப் பட்டறை வைத்திருந்த ஒரு பத்தரின், அதாவது பொற்கொல்லரின், மகள் கையை உயர்த்தினாள். “ரீச்சர், சிலம்பைக் களவெடுத்தது ஒரு பத்தர். மற்றத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும் என்ன செய்தவை?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பரீட்சைக்கு அது வராது பிள்ளை என்று சொல்லிக் கடத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டு இருந்தபோதுதான் குத்தியது. யோசித்துப் பாரும்: களவெடுத்தவன் ஒரு கொல்லன். விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னவன் அரசன். அந்த அரசன் அரியணையிலேயே உயிரை விட்டான் என்று கதை அவனுக்கு மரியாதை செய்கிறது. காவலாளரை யாரும் கேட்கவில்லை. வெட்டியவனையும் கேட்கவில்லை. கடைசியில் கணக்குத் தீர்த்தது, பாண்டிய நாட்டில் ஊதுகுழலும் உமியோடுமாகத் தன்பாட்டில் இருந்த ஆட்கள். மழை பெய்தது என்று எழுதியவர் அரசனின் பக்கத்தில் நின்று எழுதுகிறார். ஆயிரம் வீட்டுப் பெண்கள் அந்த மழையை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எழுத அங்கே ஆளில்லை. எத்தனையோ பங்குனித் திங்களுக்கு மட்டுவில் அம்மனிடம் பொங்கப் போயிருக்கிறேன். அவளும் கண்ணகைதான். இப்போது போனால் இந்த ஆயிரம் பேரும் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

நீர் எடுத்துச் சொன்ன சொல்லுக்கும் வருகிறேன். பலிக்கடா என்பது வெட்டப்படுவது. கிறிஸ்தவ வேதத்தின் தமிழில் இன்னொரு சொல் இருக்கிறது: போக்காடு. லேவியராகமம் 16ஆம் அதிகாரம். இரண்டு ஆட்டுக்கடாக்கள், சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுவார்கள். மற்றதன் தலையில் ஆசாரியன் கை வைத்து, ஊரின் பாவம் முழுவதையும் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடச் செய்வான். வெட்டுவதில்லை, போக்கிவிடுவது. என் கண்ணுக்கு அந்தச் சடங்கில் ஒரு நேர்மை இருக்கிறது. பாவம் எங்களுடையது, ஆடு சும்மா ஆடு என்று அவர்களுக்குத் தெரியும். மனிதரை ஆடாக்கும்போது அந்த அறிவு போய்விடுகிறது. பாவமே அந்த ஆடு செய்ததுதான் என்று நம்பத் தொடங்கிவிடுவோம்.

மழை பெய்யாத ஒரு கதையும் சொல்கிறேன். 1348இல் ஐரோப்பாவில் பெருங்கொள்ளை நோய். யூதர்கள் கிணறுகளில் நஞ்சு போட்டார்கள் என்று கதை பரவியது. யூதர்களும்தானே அதே நோயில் சாகிறார்கள், யூதர் இல்லாத நாட்டிலும் நோய் இருக்கிறதே என்று அந்தக் காலத்துப் பாப்பரசர் ஆறாம் கிளமெண்டே கேட்டார். ஆர் கேட்டது? 1349 பெப்ரவரி 14ஆம் திகதி ஸ்திராஸ்பூர்க் நகரத்தில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். அப்போது நோய் அந்த நகரத்துக்கு வந்திருக்கவே இல்லை. பிறகு வந்தது. கிருமியை 1894இல்தான் யெர்சன் என்ற வைத்தியர் ஹொங்கொங்கில் கண்டுபிடித்தார். எலியும் தெள்ளும் காவியது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து பல்கலைக்கழக மாணவர்: அதெல்லாம் படிக்காத காலம். இன்று படித்தவர்கள் இதை நம்புவார்களா?

பதில்: தம்பி, 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் இருந்த சிறு கட்டியைக் காட்டி, மலடாக்கும் மாத்திரை என்றார்கள். பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாக்கட்டி. சாப்பாட்டில் போட்டு ஓர் ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று இல்லை. ஒரு வாரம் கழித்துக் கண்டிப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்த மாத்திரைக் கதையை வட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள் எல்லாரும் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள்.

அதுவும் பாமரர் என்பீர். கொவிட் காலத்தில், இறந்தவரைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று ஒரு நிபுணர் குழுவே சொன்னது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இருந்தும் 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களின் சடலங்களை, பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையை உட்பட, எரித்தார்கள். பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் புதைக்க விட்டார்கள். 1348இலும் கிணற்றுத் தண்ணி, 2020இலும் கிணற்றுத் தண்ணி.

எங்கள் ஊரும் கை சுத்தமில்லை. 2020 மார்ச்சில் அரியாலையில் ஒரு கிறிஸ்தவ ஆராதனைக்குப் போனவர்களுக்குக் கொவிட் தொற்று என்றதும், அந்தப் பக்கமே போகாத வேதக்காரக் குடும்பங்களுக்கும் சில கடைகளில் சாமான் கொடுக்கத் தயங்கினார்கள். நான் பார்த்தேன். என் வீட்டுக்குப் பால் கொண்டுவரும் மனுசி படலைக்கு வெளியிலேயே போத்தலை வைத்துவிட்டு, “நான் சைவம், ரீச்சர்” என்று கூப்பிட்டுச் சொன்னார். கிருமி சமயம் கேட்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

ரியூசன் ஆசிரியர், சுன்னாகம்: இது மனிதனின் பிறவிக் குணமா?

பதில்: பிரிப்பது சுலபம் என்று மட்டும் சொல்லலாம். ஹென்றி தஜ்பெல் என்று ஓர் உளவியலாளர். போலந்து யூதர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜேர்மனியரிடம் கைதியாகி, யுத்தம் முடிந்து வந்து பார்த்தால் குடும்பத்தில் ஏறத்தாழ ஒருவரும் இல்லை. பிறகு இங்கிலாந்தின் பிறிஸ்டலில் பதினான்கு பதினைந்து வயதுப் பள்ளிப் பெடியன்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். உனக்குப் பிடித்தது இந்த ஓவியரின் படம், மற்றவருக்குப் பிடித்தது அந்த ஓவியரின் படம் என்று சொன்னதோடு சரி. உண்மையில் குருட்டுவாக்கில் பிரித்தது. யார் எந்தக் கூட்டம் என்று முகம்கூடத் தெரியாது. காசாக மாறும் புள்ளிகளைப் பங்கிடச் சொன்னார். தங்கள் கூட்டத்துக்குக் கூடக் கொடுத்தார்கள். அதுகூடப் பெரிதில்லை. தங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் கூட்டத்தைவிட வித்தியாசம் கூட இருந்தால் போதும் என்ற பக்கம் பலர் சாய்ந்தார்கள்.

எனக்கு இதைப் படித்தபோது வேலிக் கதியால் ஞாபகம் வந்தது. கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக இரண்டு பரப்புக் காணியை விற்று வழக்குப் பேசிய குடும்பங்களை எனக்குத் தெரியும். பிறிஸ்டலுக்குப் போகாமல் எங்கள் ஊரிலேயே ஆராய்ந்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற தபாலதிபர், சாவகச்சேரி: 1983இல் வெள்ளவத்தையில் என் அண்ணரின் கடையை எரித்தார்கள். எரித்தவர்களை விட்டுவிட்டு, எரிந்தவர்களான எங்களுக்கு ஏன் பாடம் எடுக்கிறீர்கள்?

பதில்: ஐயா, உங்கள் கோபத்தை ஏற்றுக்கொள்கிறேன். 1983 ஜூலை 23 இரவு, என் வீட்டில் இருந்து நடந்து போகும் தூரத்தில், திருநெல்வேலியில் கண்ணிவெடித் தாக்குதலில் 13 இராணுவத்தினர் இறந்தார்கள். அடுத்த நாள் கொழும்பு எரியத் தொடங்கியது. அண்ணர் அந்த வெடியை வைத்தவர் இல்லை. வைத்தவரை அவருக்குத் தெரிந்தும் இருக்காது. கையில் வாக்காளர் இடாப்பு வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடியவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. பெயர் தமிழ்ப் பெயராக இருந்தால் போதும். கண்ணகி கதைக் கணக்கு அப்படியே.

ஆனால் இன்னொரு திகதியும் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. அந்தக் கிழமை எனக்கு நல்ல ஞாபகம். கார்த்திகையில் தங்கச்சியின் கலியாணம். முஸ்லிம்கள் இருந்த சோனகத் தெருவில் ஒரு தையல்காரரிடம் இரண்டு சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன், ஒன்று மாம்பழ நிறம், ஒன்று பச்சை. “வெள்ளிக்கிழமை வாங்கோ ரீச்சர், கொக்கி மட்டும்தான் மிச்சம்” என்று துண்டில் எழுதித் தந்திருந்தார். செவ்வாய்க்கிழமை ஒலிபெருக்கியில் அறிவித்து முஸ்லிம்களை உஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்ன விடுதலைப் புலிகள், இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். காசு, நகை எல்லாம் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். அந்த இரண்டு வாரத்துக்குள் வடக்கு முழுவதிலும் எழுபதினாயிரத்துக்கும் அதிகமானவர்கள் போனார்கள். அநேகர் புத்தளத்துக்கு.

கிழக்கில் அந்த வருடம் தமிழரும் முஸ்லிம்களும் செத்தார்கள், காட்டிக்கொடுப்பும் நடந்தது என்றெல்லாம் அன்று சொன்னார்கள். கிழக்கில் யார் என்ன செய்தாலும், சோனகத் தெருவில் கொக்கி வைத்துக்கொண்டிருந்த மனிதர் என்ன செய்தார்?

அன்று மாலை சேதி கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா ஐயா? “ஐயோ, என்ர சட்டை.” அம்மா என்னைப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அயலில் ஒரு மனுசர், “உவங்கள் போனது நல்லது, இனிச் சாமான் விலை இறங்கும்” என்றார். விலை இறங்கவில்லை. அந்தத் தெரு பத்து வருடத்துக்கு மேல் பூட்டிய கதவும் இடிந்த சுவருமாகக் கிடந்தது. தைக்க, இரும்பு வாங்க, இறைச்சி வாங்க ஆளில்லாமல் நாங்கள் பிறகு அலைந்தது தனிக்கதை. சண்டை நின்ற காலத்தில் கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள். நான் அந்தத் துண்டைக் கொண்டுபோய்த் தேடினேன். அவர் புத்தளத்தில் மௌத்தாகிவிட்டார் என்று ஒருவர் சொன்னார். துண்டு இன்னும் அலுமாரியில் இருக்கிறது. மீதிக் காசு முப்பத்தைந்து ரூபா நான் கொடுக்க வேண்டியது.

எரித்தவர்களுக்கும் எழுதத்தான் வேண்டும். அவர்களுக்குள் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், குறைவு, ஆனால் இருக்கிறார்கள். எனக்கு எழுதத் தெரிந்த மொழி இது, வாசிப்பது நீங்கள்.

கோண்டாவில் தாயின் இரண்டாவது கடிதம் (இதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில் வந்தது): ரீச்சர், கூட்டத்துக்கு நானும் போனேன். திகதி கேட்டேன். முதல் மோட்டர் போனது மாசியில், அந்தக் குடும்பம் வந்தது சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு ஐயா, “அப்ப உவங்கள் முதலே வந்து நோட்டம் பார்த்திருப்பாங்கள்” என்றார். மனுவைக் கிழிக்கவில்லை, ஆனால் மூன்று பேர் கையெழுத்து வைக்காமல் வந்துவிட்டார்கள். ஒழுங்கை முடக்கில் எரியாத லைட்டைப் பற்றிப் பிரதேச சபைக்கு எழுதுவோம் என்று முடிந்தது. என் கணவர் கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் நாலு பேருக்கு முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. மோட்டர் இன்னும் கிடைக்கவில்லை.

பதில்: மூன்றாம் நாள் பின்னேரம் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார், பாருங்கோ. லைட்டுக்கு எழுதும் கடிதத்தில் ஒழுங்கையில் இருக்கும் எல்லா வீட்டுக் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லி, கடைசி வீட்டுக்கும் கொண்டுபோய் வாங்குங்கோ. நீங்கள் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போகலாம், பேனை பிடிக்க.